பழைய எண், புதிய எண்

இரவு ஒன்று பத்து.
எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் அசையவில்லை.
நாலாம் கேட் கேபினில் நானும் ஒரு டேபிள் ஃபேனும்.
ஃபேன் தலையாட்டுகிறது, இல்லை இல்லை என்று.

இந்தக் கேபினின் நிரல் எதையும் வைத்துக்கொள்வதில்லை.
கேட்கும், அவ்வளவுதான்:
இந்தப் பெட்டிக்குச் சுங்கம் முடிந்ததா,
இந்த வண்டி உள்ளே வரலாமா.
பதில் அம்பத்தூரில்
மூன்று சர்வர்களின் நினைவில் துண்டு துண்டாகக் கிடக்கிறது.
ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்து சர்வரில் ஒரு நகல்;
ஒன்று செத்தாலும் ஒரு பெட்டி தொலையாது.
நல்ல ஏற்பாடுதான்.
கேட்கிறவனை வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார்கள்.

லாக் சொல்கிறது:
வந்தாய். பெயர் சொன்னாய். பட்டியலில் சேர்த்தோம்.
திரும்ப அழைத்தோம். ஆள் இல்லை.
பத்து விநாடி பொறுத்தோம்.
பெயரை எடுத்துவிட்டோம்.
வந்தாய். பெயர் சொன்னாய்.

முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை.
பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

கிளார்க் ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார்.
"இன்னாமா, ஆச்சா?"
"போர்ட் திறந்திருக்கான்னு பாக்குறேன் சார்."
"போர்ட் எப்பவும் தொறந்துதான் கீது.
உன் பொட்டிதான் மூடிக்கினு கீது."

சங்ககிரி வண்டி, பெரியதம்பி,
சாயங்காலம் ஆறு மணியிலிருந்து வரிசையில் நிற்பவர்,
கண்ணாடியை விரலால் தட்டினார்:
"பெட்டி இருக்குது, பேப்பர் இருக்குது,
நானும் இருக்கறனுங்க.
இன்னும் யாரு வரோணும்?"

பெங்களூரிலிருந்து ஜெசிந்தா, தூக்கக் குரலில்:
"காத்திருப்பை முப்பது விநாடி ஆக்கு."
ஆக்கினேன்.
முப்பது விநாடி கழித்துச் செத்தது.

பிறகுதான் அந்த வரியைப் பார்த்தேன்.
நிரல் தன் விலாசம் என்று சொல்லிக்கொண்டிருந்தது:
172.17.0.2

கண்டெய்னருக்குள் மட்டும் செல்லுகிற எண்.
வெளியே நிற்கிற நாற்பதடி இரும்பைச் சொல்லவில்லை,
நிரல் குடியிருக்கிற கண்டெய்னர்.
அது பொய் சொல்லவில்லை, பாவம்.
வீட்டுக்குள் தன்னை எப்படிக் கூப்பிடுகிறார்களோ
அதையே ஊருக்கும் சொல்லியிருக்கிறது.
அம்பத்தூரில் அந்த எண்ணைத் தேடினால்
அவர்கள் வீட்டுச் சுவரில்தான் முட்டிக்கொள்ள வேண்டும்.

சிரித்துவிட்டேன்.
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு,
பழைய எண் 41, புதிய எண் 17.
வேலையில் சேர்ந்தபோது விலாசம் சரிபார்க்க வந்தவன்
பழைய பதினேழில், மாவு மில்லில், விசாரித்து
'அப்படி யாரும் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.
மூன்று வாரம் நான் இல்லை.
அத்தனை நாளும் வீட்டில்தான் இருந்தேன்,
போனை மடியில் வைத்துக்கொண்டு.
அப்புறம் அம்மா, கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டில்
கதவிலேயே எழுதினாள்:
41, ஒரு சாய்கோடு, 17.
பெயிண்ட் வழிந்து ஏழு ஒன்பது மாதிரி ஆகிவிட்டது,
அது வேறு கதை.

கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்.
உள் எண். வெளி எண்.
திரும்ப அழைப்பவருக்கு ஒரு கதவு.
சேமித்து, நிரலை எழுப்பினேன்.

வந்தாய். பெயர் சொன்னாய். பட்டியலில் சேர்த்தோம்.
திரும்ப அழைத்தோம்.

ஏகாம்பரம் டீயை வாயருகே பிடித்தபடி நின்றார்.

எடுத்தாய்.

சர்வர் மூன்று, கிளையன்ட் ஒன்று.
தடுப்புக்கட்டை மேலே போனது.
பெரியதம்பி ஹாரன் அடித்தார், தேவைக்கு மேல் நீளமாக.
பின்னால் முதல் கியர் ஒலி
காசிமேடு வரைக்கும் போயிருக்கும்.

மூன்று மணிக்கு டாக்ஸி போட்டேன்.
டிரைவர் அழைத்தார்:
"மேடம், மேப்புல இங்கதான் காட்டுது.
யாரையுமே காணோமே."

நகர்கிற இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே
போன் வெளிச்சத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன்.
"இருக்கேன்," என்றேன். "வைக்காதீங்க. இருக்கேன்."